அரைத் தேக்கரண்டியின் எல்லை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். நான் மருந்தாளுநராகப் பணியாற்றிய காலம் முழுவதும், வயிற்றுத் தொல்லைக்கு மருந்து கேட்டு வந்தவர்களில் பலர், சீட்டை நீட்டுவதற்கு முன்பே, "வீட்டில் கொஞ்சம் சமையல் சோடாவைக் கலக்கிக் குடித்துப் பார்த்தேன்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், சிலர் ஐந்து விரல்களையும் குவித்துக் காட்டுவார்கள்; சிலர் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவார்கள்; அளந்து போட்டேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. இந்தப் பொடியால் விளையும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அந்த அளவில்தான் அடங்கியிருக்கின்றன என்பதால், இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சமையல் சோடாவை மருந்தாகத் தொடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சோடியம் பைகார்பனேட் என்னும் இந்த வெள்ளைப் பொடி, அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளுள் மிகப் பழையது. நம் உடலும் பைகார்பனேட்டைத் தானே சுரக்கிறது. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு இறங்கும் அமிலக் கூழைச் சமன்படுத்துவதற்குக் கணையம் அதைச் சுரக்கிறது. இரைப்பையின் உட்சுவரும் தன் சளிப்படலத்துக்குள் அதைச் சுரந்துதான், தன்னுடைய அமிலம் தன்னையே அரித்துவிடாமல் காத்துக்கொள்கிறது. ஆனால் உடல் தனக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், சிறுகச் சிறுகச் சுரப்பது ஒன்று. நாம் ஒரே மூச்சில் வாய்வழியே உள்ளே இறக்குவது வேறொன்று.

உள்ளே போன சோடா, இரைப்பையிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து, உப்பாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. அமிலம் குறைவதால், நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் சில நிமிடங்களிலேயே தணிகின்றன. இந்த வேகம்தான் இதன் சிறப்பு. ஆனால் இரைப்பை அமிலம் சுரப்பதை இது நிறுத்துவதில்லை. ஏற்கெனவே சுரந்திருக்கும் அமிலத்தை மட்டுமே சமன்படுத்துகிறது என்பதால், பலன் நீடிப்பதில்லை.

இங்கே எனக்கு நெடுநாளாக மனத்தை உறுத்தும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சோடாவைக் குடித்ததும் பெரிய ஏப்பம் ஒன்று வருகிறது. "அடைத்துக்கொண்டிருந்த வாயு வெளியேறிவிட்டது" என்று குடித்தவரும் மகிழ்கிறார், பக்கத்தில் இருப்பவர்களும் மகிழ்கிறார்கள். அந்த ஏப்பத்தில் வெளிவந்த வாயுவில் பெரும்பகுதி, முன்பே வயிற்றில் இருந்த வாயு அன்று. சோடாவே உள்ளே போய் உண்டாக்கிய வாயு. நேயர்களே, இதை மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்: அது சோடா உண்டாக்கிய வாயு. அது மேலே வரும்போது, விரிந்திருந்த வயிறு சற்று இளகுவதால் சுகமாகத் தோன்றுவது உண்மைதான். ஆயினும் அந்த ஏப்பத்தை நோய் தீர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதால்தான், ஏப்பம் வரவில்லையென்றால் இன்னும் ஒரு கரண்டி, அதிலும் வரவில்லையென்றால் மேலும் ஒரு கரண்டி என்று அளவு ஏறிக்கொண்டே போகிறது. வயிற்று உப்புசம் மட்டும் இருந்து, எரிச்சலோ புளிப்போ இல்லாதபோது சோடாவைக் குடிப்பது, வாயுவால் விரிந்த வயிற்றுக்கு மேலும் வாயுவைக் கொடுப்பதே ஆகும். மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இது மருந்தே அன்று. எதுக்களிக்கும் அமிலத்துக்கு மட்டும், எப்போதாவது ஒருமுறை என்பதே இதன் இடம்.

இனி அளவுக்கு வருகிறேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி. அதுவும் 5 மில்லிலிட்டர் கொள்ளும் அளவுத் தேக்கரண்டியில், கத்தியின் முதுகால் மேலே வழித்துச் சமன் செய்த அரை. வீட்டுக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை; கூம்பாக அள்ளிய ஒரு கரண்டியில் இரண்டு கரண்டிப் பொடி ஏறிவிடும். ஆகவே, மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கரண்டி ஒன்றைக் கழுவித் துடைத்து இதற்கென்றே வைத்துக்கொள்ளும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன். அந்த அரைத் தேக்கரண்டியை, குறைந்தது 120 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ அரை டம்ளர் சாதாரண நீரில் போட்டுக் கலக்க வேண்டும். முதலில் நீர் வெள்ளையாகக் கலங்கும். கரண்டியை எடுத்ததும், கரையாத துகள்கள் சுழன்று அடியில் நடுவே ஒதுங்கும். அவை முழுதும் கரைந்து மறையும்வரை குடிக்கக் கூடாது. மீண்டும் கலக்கி, டம்ளரை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, அடி தெளிந்திருந்தால் மட்டுமே மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். பொடியை நாக்கில் போட்டுக்கொண்டு மேலே நீரை ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கரையாத பொடி ஒரே இடத்தில் அமிலத்தைச் சந்திக்கும்போது வாயு திடீரெனப் பெருகும். கையில் எடுத்திருப்பது சமையல் சோடாதானா என்று பெயரைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பேக்கிங் பவுடரில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். சலவை சோடாவோ தொண்டையையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடக்கூடிய காரப்பொருள். மூன்றும் பார்வைக்கு வெள்ளைப் பொடிகள்தாம்.

அளவு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. அரைத் தேக்கரண்டி சோடா ஏறத்தாழ 2.4 கிராம் இருக்கும். அது முழுவதும் அமிலத்தோடு சேர்ந்தால், முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு உண்டாகும். ஆனால் சிறிய அளவு நன்றாகக் கரைந்து போகும்போது அந்த வாயு படிப்படியாகவே வெளிப்படுவதால், வயிறு தாங்கிக்கொள்கிறது. கூம்பாக அள்ளிய கரண்டி என்றால் அதுவே பல மடங்கு. விருந்து உண்டு, மேலே குளிர்பானமும் குடித்து, வயிறு முட்ட உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலோர் சோடாவை நாடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் அதை நாடவே கூடாது. வயிறு நிறைய உண்டபின் சோடா குடித்த, உடல்நலமுள்ள ஒரு மனிதரின் இரைப்பை வெடித்துக் கிழிந்த செய்தி 1984-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. இது மிக மிக அரிது. அரிது என்றாலும், அமெரிக்காவில் சமையல் சோடாப் பெட்டிகளின் மேல், வயிறு நிறைந்திருக்கும்போது உட்கொள்ளக் கூடாது, முழுதும் கரையும்வரை குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. குடித்தபின் கடுமையான வயிற்றுவலி வந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போகும் சோடியம். அந்த அரைத் தேக்கரண்டியிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உயர் இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பாட்டில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பவர், ஒரு டம்ளர் சோடாவில் அன்றைய பங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறார். ஆகவே இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், கால்வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு மருத்துவர்களே சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதித் தருவதுண்டு. அது இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அதைக் கண்டு, மற்றவர்களும் தாமாகக் குடிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

"அடிக்கடி குடித்தால் என்ன, உணவில் சேர்ப்பதுதானே" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. சிகாகோ நகரில் பெர்ட்ராம் சிப்பி என்றொரு மருத்துவர் இருந்தார். இரைப்பைப் புண்ணுக்கு 1915-இல் அவர் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார். பகல் முழுவதும் மணிக்கொரு முறை பாலும் பாலேடும் கலந்து கொடுப்பது; இடையிடையே சோடியம் பைகார்பனேட் சேர்ந்த காரப்பொடிகளைக் கொடுப்பது; அமிலம் தலைதூக்கவே விடாமல் அடக்கி வைப்பது. வலி அடங்கியது. நோயாளிகள் மகிழ்ந்தார்கள், முறை உலகெங்கும் பரவியது. ஆனால் 1923-இல் ஹார்ட், ரிவர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் வேறொன்றைக் கவனித்து எழுதினார்கள். இந்தச் சிகிச்சையில் இருந்த சிலருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல்; அவற்றோடு, பாலைக் கண்டாலே வெறுப்பு. இரத்தத்தைச் சோதித்தபோது காரத்தன்மை ஏறியிருந்தது, சிறுநீரகம் தடுமாறிக்கொண்டிருந்தது. காரப்பொடியை நிறுத்தியதும் தேறினார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பாலும் காரப்பொடியும் உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் நிலையாகவே பழுதுபட்டதை 1949-இல் பர்னெட்டும் அவருடைய கூட்டாளிகளும் விவரித்தார்கள். அமிலத்தை அடக்கிய அதே பொடி, இரைப்பையோடு நின்றுவிடாமல், இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போயிருக்கிறது. கடைகளில் விற்கும் ஆன்டாசிட் எனப்படும் அமிலத் தணிப்பு மருந்துகள் பலவற்றில் பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். சோடா எளிதில் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வரலாறு அதோடு முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல், இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பை, முன்சிறுகுடல் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. 2005-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று அந்தப் புண்ணை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோடு அமிலக்குறைப்பு மருந்தும் சேர்த்துச் சில வாரங்களில் ஆற்றிவிட முடிகிறது. அத்தனை ஆண்டுகள் மணிக்கொரு முறை பொடி விழுங்கியவர்களுக்கு வலி தணிந்ததே தவிர, காரணம் உள்ளேயே இருந்தது. அமெரிக்க விதிப்படி, அறுபது வயதுக்குட்பட்டவர்கள் ஒரு நாளில் ஏழு அரைத் தேக்கரண்டிகளையும், அறுபதைக் கடந்தவர்கள் மூன்றையும் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். உச்ச அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. இவை எல்லைக்கோடுகள், அதுவரை போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சோடாவைத் தேடும் நிலை வந்தாலே மருத்துவரிடம் போய்விடுங்கள் என்பதே என் கருத்து.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது, மாரடைப்பை அஜீரணம் என்று எண்ணி வீட்டிலேயே சோடா குடித்துக் காத்திருப்பது. நெஞ்சின் நடுவே அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஏப்பம் வந்து சற்றுத் தேறியதுபோல் தோன்றினாலும் புறப்படுங்கள். கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, தானாக எடை குறைதல் ஆகியவையும் சோடாவால் தீர்வன அல்ல.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். மற்ற மருந்துகளோடு சோடா எப்படி மோதுகிறது என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை, சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை உடலில் சேர்வதைச் சோடா குறைத்துவிடும். குடலில் போய்க் கரைய வேண்டிய மேற்பூச்சு மாத்திரைகளை இரைப்பையிலேயே கரைத்துவிடும். மனநல மருந்தான லித்தியம் சிறுநீரில் வேகமாக வெளியேறும்படி செய்யும். ஆகவே வேறு மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். லித்தியம் போன்ற மருந்தை நாள்தோறும் உட்கொள்பவர்களுக்கு இடைவெளி மட்டும் போதாது, முதலில் மருந்தாளுநரையோ மருத்துவரையோ கேளுங்கள். கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் வேறு அமிலத் தணிப்பு மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கு, ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.