குளியலறை ஹீட்டரும் அதன் வயரிங்கும்

வணக்கம் நேயர்களே. வீட்டில் எத்தனையோ மின்சாதனங்கள் இருந்தாலும், வெறுங்காலோடு உடம்பெல்லாம் ஈரமாக நின்று நாம் பயன்படுத்துவது குளியலறை வாட்டர் ஹீட்டர் ஒன்றைத்தான். அதன் வயரிங்கைப் பற்றி இன்று பேசுகிறேன். இது மலேசிய எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை, குழாய் பொருத்துகிறவருடைய வேலை அல்ல. அவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்க உங்களுக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் மாட்டும் உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். நம் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 15.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண மூன்று முள் பிளக்கின் எல்லையோ 13 ஆம்பியர். ஃபியூஸ் போய்விடாதா என்று கேட்பீர்கள். இந்தச் சிறிய மீறலுக்கு அது சட்டென்று உருகாது. அதற்குள் பிளக்கும் சாக்கெட்டும் கருகிவிடும். ஆகவே ஹீட்டருக்குப் பிளக்கே வேண்டாம். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் எல்லை மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் டபுள்-போல் சுவிட்ச். அந்தச் சுவிட்ச்தான் மின்சாரம் வரும் லைவ், திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும். 10 ஆம்பியர் என்று அச்சடித்த வைஃபை சுவிட்சை நடுவில் மாட்டிக் கைப்பேசியில் ஹீட்டரைப் போட ஆசைப்படாதீர்கள்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போதும் என்பார்கள். காகிதத்தில் போதும்தான். ஆனால் மத்தியான வெயிலில் கொதிக்கும் கூரைக்கடியில், பைப்புக்குள் ஓடும் வயரின் தாங்குதிறன் குறைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் கேளுங்கள். நடுவில் ஜாயின்ட் போட்டு டேப் சுற்ற விடாதீர்கள். ஹீட்டருக்குள் வயரைத் திருகி இணைக்கும் டெர்மினல் கருகுவதற்கு முக்கியக் காரணம் தளர்ந்த திருகு. பிடிப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். முறுக்கிய கம்பி முழுவதும் உள்ளே போக வேண்டும், மேலுறை திருகுக்கடியில் மாட்டக் கூடாது. இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் சுவர் வயரிங்கில் வழக்கமாகச் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர். சாதனத்தோடு வரும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். ஆனால் மூன்று லைவ் வயர்கள் வரும் மூன்று-ஃபேஸ் வீட்டில் சுவருக்குள்ளிருந்து வரும் நீலம் லைவாக இருக்கலாம்! மீட்டரால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். லைவும் நியூட்ரலும் மாறிவிட்டாலும் ஹீட்டர் வழக்கம்போல் சுடுநீர் தரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீர் போதிய சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒரே வயரை மட்டும் துண்டிக்கும் வகையாக (சிங்கிள்-போல்) உள்ள தொட்டி ஹீட்டரில், அது லைவுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கும். தண்ணீர் சூடாகி நின்ற பிறகும், நீரைச் சூடாக்கும் பாகமான எலமெண்ட்டில் 230 வோல்ட் இருக்கும். தெர்மோஸ்டாட்டோடு, அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் என்ற தனிக் காவலும் உண்டு. அதன் ரீசெட் பொத்தான் மீண்டும் மீண்டும் வெளியே வந்தால் அழுத்திக்கொண்டே இருக்காமல், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உயிர்க்காப்பு. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, மனிதரை அல்ல. உடம்பில் 10 மில்லிஆம்பியர் அளவு பாய்ந்தாலே கைத்தசை இறுகிப் பிடியை விட முடியாமல் போகலாம். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. போர்டில் ஏற்கெனவே இருக்கும் 100 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. குளிப்பவருக்குப் போதாது. ஹீட்டருக்குள் ஒன்று இருந்தாலும், அது அதற்குப் பின்னால் உள்ள பாகங்களை மட்டுமே காக்கும்.

எர்த் இல்லாவிட்டாலும் ஈ.எல்.சி.பி. வேலை செய்யும், ஆனால் கசிவு யாராவது ஒருவர் உடம்பின் வழியாகப் போன பிறகுதான். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் எர்த் இல்லாத வயரிங் இருந்தால், ஹீட்டருக்குப் புதிய லைனே இழுக்க வேண்டும். எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவது பயனில்லை, இன்றைய குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஹீட்டரின் எர்த் முனையிலிருந்து போர்டு வரை 1 ஓமுக்குக் குறைவாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதை நீக்கி நேராக இணைக்கச் சொல்லவே கூடாது. டபுள்-போல் சுவிட்சை அணைத்த பிறகும் விழுந்தால் கோளாறு வயரில் அல்லது அதே ஈ.எல்.சி.பி.யில் உள்ள வேறு இணைப்பில். போட்டால் மட்டும் விழுந்தால் ஹீட்டரில். பெரும்பாலும் எலமெண்ட்டின் உறை வெடித்து ஈரம் புகுந்திருக்கும்.

முதல் முறை போடும்போது தண்ணீரை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிய பின்பே மின்சாரம். வெறும் எலமெண்ட் நொடியில் எரிந்துவிடும். உடனடி ஹீட்டரின் வெளிவாயில் பக்கம் வால்வு பொருத்தவே கூடாது. வேலை முடிந்ததும் வயர்மேனிடம் நிறைவுச் சான்றும் சோதனைச் சான்றும், அதாவது போராங் ஜி, போராங் எச் என்ற படிவங்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாதம் ஒரு முறை ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால், புதிதாக மாற்றும்வரை அந்த ஹீட்டரில் யாரும் குளிக்க வேண்டாம்.