பகடையில் பிறந்த கும்மாளம்

அவையோர்க்கு வணக்கம். 'ஹை ஜிங்க்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடருக்குக் குறும்பு என்றோ கும்மாளம் என்றோ பொருள் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பொருள் சரிதான். ஆனால் கட்டுப்பாடற்ற கூத்தைக் குறிக்கும் இத்தொடர், விதிகள் கறாரான ஓர் ஆட்டத்தின் பெயராக இருந்தது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

'ஜிங்க்' என்பது ஸ்காட்லாந்து வழக்கு. ஓடுகிறவன் சட்டென்று உடலை வளைத்துப் பிடிகொடுக்காமல் நழுவுவதை அது குறிக்கும். ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட ஒரு கவிதையில், தெருமுனையில் இப்படி நழுவித் திரும்பி உன்னையும் ஏய்த்துவிடுவேன் என்று சாத்தானிடமே சவால் விடுகிறார். ரக்பி ஆட்டக்காரர்களிடம் இச்சொல் இன்றும் புழங்குகிறது. நம் கபடிக்காரர்களுக்கும் அந்த வித்தை அத்துபடிதான்.

எடின்பரோவுக்கு அருகில் மதுக்கடை நடத்தி 1711இல் மறைந்த மேகி ஜான்ஸ்டன் என்ற பெண்மணிக்குக் கவிஞர் ஆலன் ராம்சே ஓர் இரங்கற்பா பாடினார். அதற்கு அவரே எழுதிய குறிப்பில் இந்த ஆட்டம் விரிவாக வருகிறது. கோப்பையை விளிம்புவரை நிரப்பி வைத்து, ஒருவர் 'ஹை ஜிங்க்ஸ்' என்று கூவி இரண்டு பகடைகளை உருட்டுவார். விழுந்த எண்ணைத் தம்மையே ஒன்றாகக் கொண்டு வரிசையாக எண்ணிச் செல்ல, எண்ணிக்கை யாரிடம் முடிகிறதோ அவர் குடிக்க வேண்டும், இல்லையேல் காசு கட்ட வேண்டும். கூவ மறந்தாலும் தண்டம் உண்டு. சேர்ந்த பணத்தை, முறை பிசகாமல் குடித்து முடிப்பவர் வாரிக்கொள்வார். போதை ஏறியபின் விதியை நினைவில் வைத்திருப்பதுதான் இதில் உண்மையான சோதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

நூறாண்டு கழித்து, 1815இல் வால்டர் ஸ்காட் எழுதிய 'கை மேனரிங்' புதினத்தில் ஆட்டம் சற்று மாறியிருக்கிறது. பகடை யாரைக் காட்டுகிறதோ அவர் ஒரு வேடம் ஏற்று, சிறிது நேரம் அதிலிருந்து வழுவாமல் நடிக்க வேண்டும், வழுவினால் தண்டம். சனிக்கிழமை இரவு வழக்கறிஞர் பிளைடலைத் தேடி எடின்பரோ விடுதி ஒன்றுக்கு வருகிறார் மேனரிங். அங்கே சாப்பாட்டு மேசைமேல் நாற்காலி போட்டு, பொய்முடி ஒருபக்கம் சரிய, மதுப்புட்டி வைக்கும் தட்டையே மகுடமாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அரசராக வீற்றிருக்கிறார் அந்த முதிய வழக்கறிஞர்.

வந்தவர் வழக்கு விஷயமாக வந்திருக்கிறார் என்று உணர்ந்ததும், மகுடத்தைக் கழற்றிவிட்டு, வயதுக்கு மீறிய சுறுசுறுப்போடு கீழே குதித்து, அடுத்த அறைக்கு விளக்கும் தண்ணீரும் ஒரு கோப்பைப் பச்சைத் தேநீரும் கொண்டுவரச் சொல்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் முகம் கழுவி, கண்ணாடி பார்த்துப் பொய்முடியைச் சரிசெய்துகொண்டு, வேறொரு மனிதராக மேனரிங் முன் நிற்கிறார்.