பொருளியலில் பி.ஏ.யா, பி.எஸ்ஸி.யா?

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பொருளியல் படிக்க முடிவு செய்துவிட்ட மாணவர்கள்கூட, விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில் ஒரு கேள்வியின் முன் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஒரு கல்லூரி பி.ஏ. பொருளியல் என்கிறது, இன்னொரு நிறுவனம் பி.எஸ்ஸி. பொருளியல் என்கிறது. எதில் சேர்வது? பெற்றோர் பலரின் மனத்தில் இக்கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. அறிவியல் பட்டம் என்றால் உயர்வு, கலைப் பட்டம் என்றால் வேறு இடம் கிடைக்காதவர்களுக்கு என்பதே அந்த விடை. அது தவறான விடை என்பதால்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்தப் பட்டத்துக்குள் கணிதமும் புள்ளியியலும் எவ்வளவு இருக்கின்றன, வரலாறும் சமூகமும் கள ஆய்வும் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து முடிவெடுங்கள். இவ்விரண்டில் எது குறைகிறதோ, அதை நீங்களே தேடி நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பெயர் ஏன் நம்பத்தக்கதன்று என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்றுகள் உள்ளன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளியலைத் தனிப் பட்டப்படிப்பாக 1903இல் நிலைநிறுத்தியவர் ஆல்ஃபிரட் மார்ஷல். அவரே 1865ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் அங்கு இரண்டாம் இடம் பெற்றவர். ஆனாலும் அந்தப் படிப்புக்கு இன்றுவரை வழங்கப்படுவது பி.ஏ. பட்டம்தான், அங்கே மூன்றாண்டுகள் இயற்பியல் படித்து வெளிவருபவரும் பி.ஏ. பட்டமே பெறுகிறார். லண்டனிலோ, 1895இல் தொடங்கப்பட்ட லண்டன் பொருளியல் பள்ளி பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிறகு, பொருளியலுக்கு அறிவியல் பட்டம் வழங்கும் மரபு உருவானது. இரண்டு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. பாடம் ஒன்று, பட்டத்தின் பெயர்கள் இரண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மரபுப்படி பெயர் வைத்தது, அவ்வளவே.

நம் நாட்டவரில் இதற்கு அண்ணல் அம்பேத்கரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1915இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் பெற்றது எம்.ஏ.; 1921இல் லண்டனில் பெற்றது எம்.எஸ்ஸி.; 1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து அங்கேயே பெற்றது டி.எஸ்ஸி. என்னும் அறிவியல் முனைவர் பட்டம். நியூயார்க்கில் கலைஞராகவும் லண்டனில் அறிவியலாளராகவும் அவர் மாறிவிடவில்லை. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி.எஸ்ஸி. பொருளியல் முடித்து, தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தார். அவரோடு அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டூஃப்ளோ பாரிசில் வரலாற்றையும் பொருளியலையும் சேர்த்துப் படித்தவர். அதே கொல்கத்தா பிரசிடென்சியில் 1953இல் பட்டம் பெற்ற அமர்த்திய சென் வாங்கியது பி.ஏ. பட்டம், ஆனால் அவர் கணிதத்தைத் துணைப்பாடமாக எடுத்திருந்தார். அந்தத் துணைப்பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இன்றைய நிலையையும் பார்ப்போம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் சிறப்பு (ஹானர்ஸ்) பி.ஏ. பொருளியலில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். பெயர் கலைப் பட்டம். வாசலில் கேட்பது கணிதம். நம் மாநிலத்தில், சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து மாவட்டங்களில் உள்ள அரசு கலைக் கல்லூரிகள் வரை, பொருளியல் பெரும்பாலும் பி.ஏ. பட்டமாகவே உள்ளது, கலைப் பிரிவிலும் வணிகவியல் பிரிவிலும் படித்துவரும் மாணவர்களுக்கு அது கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆகவே ‘பி.ஏ. பொருளியல்’ என்ற ஒரே பெயரின் கீழ் தில்லியில் ஒரு வகைப் படிப்பும் இங்கே இன்னொரு வகைப் படிப்பும் நடக்கின்றன. புனேயின் கோகலே நிறுவனம் போன்றவை தரும் பி.எஸ்ஸி. பொருளியலை இங்குள்ள பி.ஏ.வோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிதாகத் தெரியும், தில்லியின் பி.ஏ.வோடு ஒப்பிட்டால் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

சரி, வேறுபாடு உண்மையில் எங்கே இருக்கிறது? நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்து, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. காலை உணவு கொடுத்ததால் பிள்ளைகளின் வருகை கூடியதா? இது ஒரு பொருளியல் கேள்வி.

கணிதமும் புள்ளியியலும் பயின்ற மாணவர் இதை இப்படி அணுகுவார். முதற்கட்டப் பள்ளிகளில் திட்டத்துக்கு முன்பும் பின்பும் வருகை எவ்வளவு மாறியது என்று கணக்கிடுவார். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது; ஏனென்றால் பெருந்தொற்றுக்குப் பின் எல்லாப் பள்ளிகளிலுமே வருகை மாறிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் அதே காலத்தில் காலை உணவு இன்னும் வந்து சேராத பள்ளிகளில் நிகழ்ந்த மாற்றத்தையும் கணக்கிட்டு, முதலாவதிலிருந்து அதைக் கழிப்பார். எஞ்சும் வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடியதா என்று நிகழ்தகவைக் கொண்டு சோதிப்பார். இதற்கு வேண்டிய கருவிகள் தொடர்புப் போக்குச் சமன்பாடும் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை), ஆயிரக்கணக்கான பள்ளிகளின் தரவைக் கணினியில் கையாளும் பயிற்சியும் ஆகும். நல்ல பி.எஸ்ஸி. பாடத்திட்டம் இவற்றைத் தருகிறது.

இங்கேதான் அடுத்த சிக்கல் எழுகிறது. அந்த 1,545 பள்ளிகளும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஊரகப் பள்ளிகளும், மலைப்பகுதிப் பள்ளிகளும் நிர்வாகக் காரணங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மலைக்கிராமப் பள்ளியில் பிள்ளை வராமல் போவதற்கான காரணம் வேறு. நகரத்தில் இரண்டு வேலைகளுக்குப் போகும் தாயின் பிள்ளை வெறும் வயிற்றோடு வருவதற்கான காரணம் வேறு. அந்தப் பள்ளிகள் ஏன் முதலில் தேர்வாயின, வருகைப்பதிவேட்டை யார் எப்படி எழுதுகிறார்கள், சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்குக் கூலி எவ்வாறு அமைகிறது என்பவற்றை அறியாமல், முதலில் சொன்ன கழித்தல் கணக்கை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் விடை பிழையாகவே போய்விடும். இன்னும் பின்னால் சென்றால், 1920இல் சென்னை மாநகராட்சி நீதிக்கட்சிக் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956இல் விரிந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு என்று ஒரு நீண்ட தொடர் இருக்கிறது. ஒரு மாநிலம் இந்தச் செலவை ஒரு நூற்றாண்டாக ஏன் ஏற்றுக்கொண்டு வருகிறது என்ற கேள்விக்குச் சமன்பாட்டில் விடை இல்லை. வரலாறு, நிறுவனங்கள், பொது நிதி, பொருளியல் சிந்தனை வரலாறு ஆகியவற்றைப் படித்தவருக்கு அது புலப்படும். நல்ல பி.ஏ. பாடத்திட்டம் இதைத் தருகிறது.

இரண்டில் ஒன்றை மட்டும் கற்றவர் அந்த ஒரே கேள்விக்குப் பாதி விடைதான் சொல்ல முடியும். கலைப் பட்டத்தைத் தாழ்த்திப் பேசுவோரிடம் எனக்குள்ள வருத்தம் இதனால்தான். கணிதத்தில் வல்லவர் பலர் தம் கையில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்காமலே வேலை செய்கிறார்கள். மார்ஷல் 1906இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து, பின் அதை ஆங்கிலத்தில் எழுது, வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடு, பிறகு கணிதத்தை எரித்துவிடு, எடுத்துக்காட்டுக் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் எழுதியதையும் எரித்துவிடு என்ற பொருளில் அறிவுரை சொன்னார். கணிதம் தெரியாதவர் சொன்ன அறிவுரை அன்று இது என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழியில் நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு பெருமை உண்டு. 1915இல் இங்கே முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பி, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவரச் செய்தார். விழுப்புரம் பகுதியின் இருவேல்பட்டும் திருநெல்வேலிப் பகுதியின் கங்கைகொண்டானும் அவ்வாறு எழுதப்பட்ட ஊர்கள். 1930களிலும் அதற்குப் பின்னரும் ஆய்வாளர்கள் அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். ஒரு நூற்றாண்டுக் காலத் தமிழக ஊரக மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க இன்று நமக்கு வாய்ப்பிருப்பதற்குக் காரணம், விடுமுறையில் ஊருக்குப் போன அந்த மாணவர்கள்தான். உங்களில் கிராமத்திலிருந்து வந்திருப்பவர்கள் அதைக் குறையாக எண்ணாதீர்கள். பொருளியலில் அது முதலீடு.

இனி வேலை, மேற்படிப்பு பற்றிய செய்திக்கு வருகிறேன். இந்தியப் பொருளாதாரப் பணிக்கான மத்தியத் தேர்வாணையத் தேர்வை எழுத, பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவையியல் (பொருளியல் கேள்விகளைப் புள்ளியியலைக் கொண்டு அளந்து பார்க்கும் துறை) ஆகியவற்றுள் ஒன்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். அது எம்.ஏ.வா எம்.எஸ்ஸி.யா என்று தேர்வாணையம் வேறுபாடு காட்டுவதில்லை. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான அதிகாரிப் பணிக்கும் நிலைமை இதுவே. ஆனால் அந்தத் தேர்வுகளின் வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். நுண்கணிதமும் புள்ளியியலும் அறியாமல் எழுத முடியாத வினாக்கள் அவற்றில் இருக்கும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவைப் பொருளியல் முதுநிலைப் படிப்பு, நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கென்றே ஒரு தாள் வைத்திருக்கிறது; அங்கே பொறியியல் பட்டதாரிகளும் போட்டிக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால், பட்டத்தின் பெயரைவிட, நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், மெய்யெண் பகுப்பாய்வு ஆகிய கணிதப் பாடங்களில் நீங்கள் பெற்ற மதிப்பெண்களையே தேடிப் பார்ப்பார்கள். ஆக, பி.ஏ. என்ற எழுத்துகள் எந்தக் கதவையும் மூடுவதில்லை. கணிதமில்லாத பி.ஏ. சில கதவுகளை மூடிவிடுகிறது.

பத்திரிகைத் துறை, சட்டம், குடிமைப் பணி, ஆசிரியப் பணி, தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றை நாடுவோருக்கு வரலாறும் அரசியலும் செறிந்த பி.ஏ. பெரிதும் பயன்படும். தரவுப் பகுப்பாய்வு, காப்பீடு, வங்கி இடர் மதிப்பீடு போன்றவற்றை நாடுவோருக்குக் கணிதம் செறிந்த படிப்பு நேர்வழி. இதில் நான் விரித்துச் சொல்ல அதிகமில்லை.

ஆனால் ஒரு பிரிவினரைப் பற்றி விரித்தே சொல்லியாக வேண்டும். தமிழ்வழியில் கலைப் பிரிவு படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக, பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேரப்போகும் மாணவிகளும் மாணவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பதினோராம் வகுப்பில் நீங்கள் எடுத்த பிரிவு உங்களுக்கு முடிவுரை எழுதிவிட்டது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பதினோராம் வகுப்புப் பொருளியல் நூலின் இறுதிப் பாடம் கணித முறைகளைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு நூலின் இறுதிப் பாடம் புள்ளியியல் முறைகளையும் பொருளாதார அளவையியலையும் பற்றியது. ஆண்டின் கடைசியில் வருவதால் பலரும் அவசரமாகக் கடந்துபோகும் அந்த இரண்டு பாடங்களையும் இந்தக் கோடையில் முதலிலிருந்து படியுங்கள். அதன்பின் மேல்நிலை வணிகக் கணித நூலை எடுத்து, அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு என்ற வரிசையில் கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். அந்த நூல்கள் தமிழில் இருக்கின்றன. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கல்லூரியில் துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போது, எளிதில் மதிப்பெண் கிடைப்பது எது என்று பார்க்காமல், கணிதம் அல்லது புள்ளியியலைக் கேளுங்கள். அமர்த்திய சென்னின் துணைப்பாடத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பி.எஸ்ஸி. சேரப்போகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் பாடத்திட்டத்தில் பொருளியல் சிந்தனை வரலாறும் இந்தியப் பொருளாதார வரலாறும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விருப்பப் பாடமாகவோ சொந்த வாசிப்பாகவோ அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு நியாயவிலைக் கடையிலோ உழவர் சந்தையிலோ நின்று, நீங்களே ஒரு வினாப்பட்டியல் தயாரித்துத் தரவு திரட்டிப் பாருங்கள்.

சேர்க்கைக்கு முன் சரிபார்க்க வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில உண்டு. வணிகக் கணிதம் படித்தவர்கள், தாங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனம் அதைக் கணிதமாக ஏற்றுக்கொள்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ‘பொருளியல்’ என்பதோடு வேறு சொற்களையும் சேர்த்துப் புதுப்பெயரில் வழங்கப்படும் பட்டங்கள் இப்போது பெருகிவருகின்றன. மாநில அரசின் ஆசிரியர் பணிக்கோ தேர்வாணையப் பணிக்கோ பின்னாளில் விண்ணப்பிக்கும்போது, அத்தகைய பட்டம் பொருளியல் பட்டத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை வெளியிட்டிருக்கிறதா என்ற கேள்வி எழும். அந்த அரசாணையின் எண்ணையும் நாளையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்து மூலமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.