குணமதியார் செய்வித்த திருமேனி

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. அங்கே தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் ஒரே பாறையாக நிற்பதுதான் சமணர் மலை. இங்கே பலர் அந்தக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மலையேறியவர்கள் எத்தனை பேர்?

மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்றே நினைத்தார்களாம். உள்ளே விதானத்தை அண்ணாந்து பாருங்கள். சிங்கத்தின் மேல் ஒரு பெண், யானைமேல் வருபவனோடு போரிடுகிறாள். இயக்கி அவள், சமணர்களின் காவல் பெண் தெய்வம்.

அப்புறம் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனை ஒன்று, அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். கொடி சுற்றிய கால்களோடு சமண முனிவர் பாகுபலி நிற்கிறார், பாம்புப் படத்தின் கீழே மகாவீரருக்கு முந்தைய தீர்த்தங்கரரான, அதாவது சமண சமயகுருவான பார்சுவநாதர். நான் மூச்சு வாங்க நின்றபோது என் கண் சிலைகளில்தான் இருந்தது. கூட வந்த பெரியவர், "கீழே பாருங்க தம்பி" என்றார். சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து, தமிழை எழுதிய பழைய எழுத்து வடிவம். விரலால் தொடாமல், காற்றில் எழுதிக் காட்டுவது போலப் படித்துச் சொன்னார்: "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

அச்சணந்தி பெரிய துறவி. பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில், குமரி மாவட்டத்துச் சிதறாலில்கூட அவர் பெயர் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு தாயின் பெயர்! ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்னால், துறவியாகிப் போன மகனின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து ஒரு திருமேனி செய்வித்திருக்கிறாள். மன்னர்களின் புகழ் பாடும் மெய்க்கீர்த்திக் கல்வெட்டுகளை எவ்வளவோ படித்திருக்கிறேன். எதுவும் என்னை இப்படி நிறுத்தியதில்லை.

உச்சியில் பழைய பள்ளியின், அதாவது சமணக் கோயிலின் அடித்தளமும் கன்னடக் கல்வெட்டும் உண்டு. வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். சிற்பத்துக்குப் பக்கத்திலேயே ஆணியால் கீறிய இந்தக் காலத்துப் பெயர்களைப் பார்த்து அன்று மனம் கசந்து போனேன். கைபேசி விளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், போதும். பள்ளங்களில் நிழல் விழும். 'குணமதியார்' என்பது எழுத்தெழுத்தாக எழுந்து வரும்.