மலையடி வீடும் மழைத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி என்றாலே வெயில்தான் முதலில் நினைவுக்கு வரும். பகலில் வெறுங்காலோடு கிரிவலம் போனவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்து பெய்கிற மழையே ஏறக்குறைய 100 சென்டிமீட்டர்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் வேகமாக நகராமல் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் காலைக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அதற்கடுத்த காலைக் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் சுமார் 50. அரை வருடத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலை அடிவாரத்தில், மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

மண்சரிவு ஊட்டி, குன்னூர் சமாசாரம், காய்ந்த ஊரில் அது எப்படி என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீலகிரியில் மண் ஆழமானது, சரிந்தால் மண்ணே பெரிய அளவில் இறங்கும். அண்ணாமலை போன்ற கருங்கல் மலையில் பாறை மேல் போர்வை மாதிரி மெல்லிய மண்தான். அந்த மண்ணில் பாதி புதைந்தபடி உருண்டைப் பாறைகள் உட்கார்ந்திருக்கும். மேலே விழுகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், அடியில் இருக்கிற பாறைக்குள் இறங்காது. அதனால் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் பக்கவாட்டில் ஓடும். மண் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிடி அங்கேதான் தளர்கிறது. உருண்டைப் பாறைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த மண்ணும் கரைந்து போகிறது. முதல் ஐந்து சென்டிமீட்டர் மழையில் ஒன்றும் ஆகாது. மண் நன்றாக ஊறிய பிறகு கொட்டுகிற மழைதான் ஆபத்து. ஆகவே அன்றைய மழையை மட்டும் பார்க்காமல் முந்தைய இரண்டு மூன்று நாள் மழையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வறண்ட ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலையிலிருந்து இறங்குகிற ஓடை பத்து வருடம் காய்ந்து கிடந்தால், அது ஓடை என்பதே மறந்துபோகும். முதலில் வண்டிப் பாதையாகும், பிறகு கட்டடக் கழிவு கொட்டுகிற இடமாகும், கடைசியில் மனைப்பிரிவாகும். கொட்டிய கழிவு கெட்டியான நிலம் அல்ல. தண்ணீர் பட்டால் அதுவே முதலில் கரைந்து இறங்கும். மனை வாங்குகிறவர்கள் பட்டாவோடு நில அளவை வரைபடத்தையும் வாங்கி, ஓடை, வாய்க்கால் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். தரையில் தெரியாத ஓடை தாளில் தெரியும்.

இப்போது கொஞ்சம் சண்டைக்கு இழுக்கிற ஒரு விஷயம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல சட்டம், சமவெளியில் இன்றைக்கும் அதை மெச்சுகிறேன். ஆனால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்ற பழக்கத்தில், சரிவின் விளிம்பிலும் உறிஞ்சு குழி தோண்டிவிடுகிறோம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 46,000 லிட்டர் தண்ணீர் சேரும். ஆயிரம் லிட்டர் தொட்டிகள் நாற்பத்தாறு! அத்தனையையும் சரிவின் தலையில் குழி வெட்டி உள்ளே இறக்குவது, சரிவை நாமே தள்ளிவிடுவதற்குச் சமம். கழிவுநீர் உறை கிணறும் அப்படித்தான், அது வருடம் முழுக்க மண்ணை ஊறவைக்கிறது. சரிவுக்குப் பக்கத்தில் மாடித் தண்ணீரை மூடிய குழாயில் இறக்கி, அடிவாரத்தையும் தாண்டிக் கொண்டுபோய் வாய்க்காலில் விடுங்கள். சேகரிக்க வேண்டுமென்றால் தரைக்கு மேலே தொட்டியில் சேகரியுங்கள். ஊருக்கு ஏரி இருக்கிறது. அதன் வரத்துக் கால்வாய் திறந்திருந்தால் அந்தத் தண்ணீர் வீணாகாது.

அடுத்தது தடுப்புச் சுவர். மலையடியில் மனையைச் சமன் செய்ய மண்ணை வெட்டி, வெட்டிய முகத்துக்கு 10 அடியில் ஒரு சுவர் எழுப்புவது வழக்கம். 10 அடி என்பது சுமார் 3 மீட்டர். பின்னால் இருக்கிற மண் ஈரமில்லாமல் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் உச்சி வரை தண்ணீர் நின்றுவிட்டால் அந்தத் தள்ளல் 6 டன். அதில் நாலரை டன் வெறும் தண்ணீருடையது. ஆகவே சுவர் விழுந்தால் சிமெண்டைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர் வெளியேற வழி இருந்ததா என்று பாருங்கள்.

அந்த வழிக்குத்தான் சுவரில் வடிதுளை வைக்கிறோம். 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, மேல் வரிசையும் கீழ் வரிசையும் நேருக்கு நேர் வராமல் மாற்றி மாற்றி. கீழ் வரிசை தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். குழாய் முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். இவ்வளவும் எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். தவறு நடப்பது சுவருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில். குழாயின் பின் வாயில் நேராக மண்ணைக் கொட்டி மூடினால் இரண்டே மழையில் அடைந்துபோகும். சுவரை ஒட்டி ஓர் அடி கனத்துக்கு அடியிலிருந்து உச்சி வரை ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ துணி விரிக்க வேண்டும். தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற நெய்யாத துணி அது. ஜல்லியின் தலையில் அரை அடி களிமண்ணை இடித்துக் கெட்டியாக்கினால் மேல் தண்ணீர் நேராக உள்ளே இறங்காது. வேலை முடிந்ததும் ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். கம்பி ஜல்லியில் முட்ட வேண்டும். சிமெண்ட் கலவையில் முட்டினால் பூசும்போதே அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மழைக்காலத்தில் துளையிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால் சரி. பின்னால் மண் சொதசொதவென்று இருந்தும் துளை காய்ந்திருந்தால் அடைப்பு. கலங்கல் தண்ணீர் வந்தால் மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது, சுவருக்குப் பின்னால் பொந்து விழுகிறது. இரண்டையும் உடனே பார்க்க வேண்டும். 2 மீட்டருக்கு மேல் உயரமான சுவரை மேஸ்திரியின் கைக்கணக்கில் விடாமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்கிக் கட்டுங்கள்.

சரிவின் உச்சிக்குப் பின்னால் மேல் தண்ணீரை மடக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோக ஒரு வாய்க்கால் வெட்டுவதும் உண்டு. விளிம்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, 100 அடிக்கு 1 அடி வாட்டம், கான்கிரீட்டோ கல்லோ பதித்து. வெறும் மண் வாய்க்காலாக விட்டுவிட்டால் அது தண்ணீரைச் சரிவுக்குள் ஊட்டுகிற வேலையைச் செய்யும். அதற்கு வெட்டாமலே இருக்கலாம்.

தெரு வடிகாலுக்கு வருவோம். வாய்க்காலுக்குக் குறுக்கே வீட்டு வாசலுக்கு வழி போட, அகலமான கால்வாய்க்குள் 6 அங்குலக் குழாயைப் பதித்து மேலே கான்கிரீட் போட்டுவிடுகிறோம். 12 அங்குலக் குழாயில் பாதிதானே, பாதித் தண்ணீராவது போகுமே என்று நினைப்பு. போகாது. ஒரே வாட்டத்தில் 12 அங்குலக் குழாய் கொண்டுபோகிற தண்ணீரில் ஆறில் ஒரு பங்கைத்தான் 6 அங்குலக் குழாய் கொண்டுபோகும். அதிலும் ஒரு தென்னை மட்டையும் இரண்டு பிளாஸ்டிக் பையும் வந்து சிக்கினால் முடிந்தது கதை. மலையடித் தெருவில் தண்ணீர் தனியாக வராது, கல்லையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும். ஆகவே வாசலுக்குக் குழாய் வேண்டாம். கால்வாயின் முழு அகலத்துக்கும் கழற்றி மாட்டக்கூடிய சிலாப் போடுங்கள், இரண்டு ஆள் தூக்கக்கூடிய அளவில். மேலிருந்து ஓடை வந்து சேருகிற இடத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டினால் கல்லும் மண்ணும் அங்கேயே படியும். ஆனால் அதை ஐப்பசிக்கு முன்பு ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அள்ள வேண்டும். நிரம்பிய தொட்டியால் எந்தப் பயனும் இல்லை.

வாய்க்கால் வேலையை ஆடி, ஆவணியிலேயே முடித்துவிடுவது நல்லது. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது சரிவின் அடியில் மண்வெட்டி போடவே கூடாது. அடியில் ஓர் அடி வெட்டினாலும் மேலே இருப்பதற்கு முட்டு போய்விடும். சரிவின் மேல் புதிதாக வெடிப்பு தெரிந்தால் அதில் சிமெண்ட் ஊற்ற வேண்டாம். களிமண்ணைத் திணித்து இடித்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கூரை ஓடு மாதிரி மேல் பாய் கீழ்ப் பாயின் மேல் படிய வேண்டும், பாயின் மேல் விளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். தண்ணீரைத் திருப்ப மணல் மூட்டை போடுவதானால் மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாற்றி அடுக்கி, காலால் மிதித்துப் படியவையுங்கள். புடைக்க நிரப்பிய மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும், தண்ணீர் அதில்தான் வரும்.

எவ்வளவு மழை பெய்கிறது என்று தெரிய வானிலை அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். மாடி விளிம்பிலிருந்தோ மரத்திலிருந்தோ சொட்டக் கூடாது. காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு அளந்து குறித்துவையுங்கள். 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரைத் தாண்டினால் வானிலைத் துறைக் கணக்கில் கனமழை, 11.5க்கு மேல் மிகக் கனமழை, 20ஐத் தாண்டினால் அதி கனமழை. மலையடியில் இருப்பவர்கள் இரண்டாம் எண்ணிலேயே மூட்டை கட்டிவிடலாம். அன்று இரவு அடிவாரத்து வீட்டில் தூங்க வேண்டாம். கிளம்ப முடியாதவர்கள் மலைப் பக்கம் இல்லாத அறையில், மாடி இருந்தால் மாடியில் படுங்கள்.

கதவு திடீரென்று சட்டத்தில் இறுகுவது, மின் கம்பம் சாய்வது, மண்ணிலிருந்து புதிதாக ஊற்று கிளம்புவது, இவையெல்லாம் கிளம்பச் சொல்லும் அறிகுறிகள். இன்னொன்றைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மழை பெய்துகொண்டே இருக்க, ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை மறித்திருக்கிறது. அது உடையும்போது மொத்தமாக வரும். அப்போது ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடினால் அது உங்களை முந்திவிடும். பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக ஓடுங்கள்.

சரிந்த மண்ணை அகற்றும்போதும் கீழிருந்து பொக்லைன் விட்டு அள்ளக் கூடாது, மேலிருந்து இறங்கி வர வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. அழைக்கும்போது தெருப் பெயரோடு நின்றுவிடாமல், மலை எந்தப் பக்கம், ஓடை எந்தப் பக்கம், வண்டி எந்த வழியாக வர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வணக்கம்.