92 பிள்ளைகளைப் பறிகொடுத்த பங்குப் பள்ளி

வணக்கம் மக்களே. இன்றைக்கு சிகாகோவில் இருந்த 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' பங்குப் பள்ளியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். 1884-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கூடிய கத்தோலிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புகள், ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அமெரிக்கா முழுக்கத் தேவாலயத்தை ஒட்டிப் பள்ளிகள் எழும்பின. இங்கே பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் கன்னியர்கள், அதாவது கத்தோலிக்கத் துறவிப் பெண்கள். படித்தவர்களில் நிறையப் பேர் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகள்.

வடக்குப் பக்கக் கட்டடம் 1910-இல் கட்டியது. வெளியே செங்கல், உள்ளே படிக்கட்டு, தரை எல்லாம் மரம். 1958-இல் ஏறக்குறைய 1,600 பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்தார்கள்.

அந்த வருடம் டிசம்பர் 1. பள்ளி விடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அடித்தளத்தில் (பேஸ்மென்ட்), படிக்கட்டின் காலடியில் இருந்த குப்பைத் தொட்டியில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று அதிகாரபூர்வமாக இன்றுவரை முடிவாகவில்லை.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே கனமான கதவு இருந்தது. மாடியில் அப்படிக் கதவே கிடையாது. புகையும் அனலும் படிக்கட்டு வழியே ஏறி நேராக மாடி வராந்தாவில் புகுந்துவிட்டன. கீழே இருந்த பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள். மாடியில் இருந்தவர்களுக்கு வராந்தா அடைபட்டுப்போனது, ஜன்னல்தான் வழி. அந்த ஜன்னலின் விளிம்பு தரையிலிருந்து 37 அங்குலம். சின்னப் பிள்ளை எப்படி ஏறும்? ஏறினாலும் கீழே 25 அடிப் பள்ளம். 92 பிள்ளைகளும் 3 கன்னியர்களும் இறந்துபோனார்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. தீ விபத்துக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள்தான் தீயணைப்புத் துறையின் சோதனையில் அந்தப் பள்ளி தேறியிருந்தது! நீர்த்தெளிப்பான் இல்லை, வெளிப்பக்கம் இரும்பு ஏணி ஒன்றே ஒன்று. எப்படித் தேறியது? 1949-இல் வந்த தீப்பாதுகாப்பு விதிகள் புதுக் கட்டடங்களுக்கு மட்டும்தான். பழைய கட்டடங்களுக்கு விலக்கு. காகிதத்தில் எல்லாம் சரி. தீக்குப் பழைய கட்டடம், புதுக் கட்டடம் என்று தெரியுமா? அந்த விலக்கை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

அப்புறம்தான் அமெரிக்கா விழித்துக்கொண்டது. பழைய பள்ளிகளிலும் பாதுகாப்பு வேலைகள் நடந்தன. 1960-இல் அதே இடத்தில் புதுப் பள்ளி திறந்தது, 1999-இல் அதுவும் மூடப்பட்டது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் வகுப்பு மாடியில் இருந்தால், அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது அந்தப் படிக்கட்டைப் பாருங்கள். கதவு இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, இறங்க இன்னொரு வழி உண்டா? பார்த்துவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள்.