பேரவைக்குப் போகும் மருத்துவக் கணக்கு

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிறது. சட்டப்பேரவை பாரதி பூங்காவை ஒட்டி இருக்கிறது. டெம்போ ஏறினால் அரை மணி நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். ஆனாலும் ஜிப்மரின் ஆண்டறிக்கை அந்தப் பேரவைக்குப் போவதில்லை. 2008ஆம் ஆண்டு ஜிப்மர் சட்டப்படி அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். அதன் ஆண்டறிக்கையும் தணிக்கை முடிந்த கணக்கும் டெல்லிக்குப் போய், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. இந்திரா நகரில் 1975 முதல் கொசுவையும் யானைக்கால் நோயையும் ஆராய்ந்துவரும் வி.சி.ஆர்.சி. நிலையமும் அப்படித்தான். அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கிளை என்பதால் அதன் வேலை டெல்லிக் கணக்கில் சேர்கிறது. கதிர்காமம் மருத்துவக் கல்லூரியும் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும் புதுச்சேரி அரசின் கணக்கு. முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் சென்னைக் கணக்கு.

நான் இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். அரசு மானியத்தில் நடக்கும் ஒரு மருத்துவ அமைப்பில் ஆண்டறிக்கை தயாரிக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகு கடலூர்வாசி. ஆண்டறிக்கை என்றாலே கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும்; இதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது எனக்கே சற்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. வழவழப்பான தாளில் அச்சான அந்தப் புத்தகத்தில் குத்துவிளக்கு ஏற்றும் படங்களையும் பொன்னாடை போர்த்தும் படங்களையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருப்பது எண்கள். அந்த எண்கள் யாருடையவை என்பதை எழுதாமலே பேரவைக்கு அனுப்பிவிடுகிறோம். என் குறை அதுதான்.

ஒரு பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண் ஜிப்மரில் குழந்தை பெற்றால், நாடாளுமன்றத்துக்குப் போகும் அறிக்கையில் ஒன்று கூடும். எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெற்றால் புதுச்சேரி அரசின் எண்ணிக்கையில் கூடும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் என்றால் தமிழ்நாட்டுக் கணக்கு. முதல் இரண்டிலும் பிறப்பு புதுச்சேரியில்தான் பதிவாகும், ஏனென்றால் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு செய்யப்படுகிறது. அம்மாவின் ஊர் எது என்பது படிவத்தில் ஒரு கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டம் ஆண்டறிக்கை அட்டவணை வரை வந்து சேர்வது அபூர்வம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் 12,47,953 பேர். பக்கத்திலிருக்கும் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 26,05,914 பேர். அப்போது பிரிக்கப்படாமல் இருந்த விழுப்புரம் மாவட்டத்தில் 34 லட்சத்துக்கு மேல். இவ்வளவு பேருக்கு நடுவில் பெரிய மருத்துவமனைகள் நெருக்கமாக உள்ள ஊர் புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. நோய்க்கு இந்த எல்லை தெரியாது. நோயாளிக்கும் எது கிட்டே இருக்கிறதோ, எங்கே நல்ல டாக்டர் என்று சொல்கிறார்களோ அதுதான் ஆஸ்பத்திரி. ஆகவே இங்கே பதிவாகும் பிறப்புகளை இங்குள்ள மக்கள்தொகையால் வகுத்தால், ஏதோ இந்த ஊரில்தான் குழந்தைகள் மளமளவென்று பிறப்பதுபோல ஒரு விகிதம் வரும். தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மட்டும் பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் மாதிரிப் பதிவு முறையில், குடியிருப்பை வைத்துக் கணக்கிடுவதால் அது குறைவான எண்ணாக இருக்கும். இரண்டும் சரிதான். எது எந்த முறையில் வந்தது என்ற ஒரு வரி இல்லாவிட்டால் மட்டும், அவையில் ஒருவர் ஒன்றைச் சொல்ல, இன்னொருவர் மற்றதைச் சொல்ல, அமைச்சர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

இறப்புக் கணக்கில் இது இன்னும் கூர்மையாகும். நிலைமை மோசமான பிறகு கடைசி நேரத்தில் விழுப்புரம் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட தாய் இங்கே இறந்தால், இறப்பு இங்கே பதிவாகும். சிக்கல் தொடங்கியது வேறு இடத்தில். மருத்துவமனையின் மேல் பழி விழும் என்று பயந்து அந்த எண்ணையே சின்ன எழுத்தில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பப்பட்டு வந்தவர்கள் எத்தனை, நேரடியாகச் சேர்ந்தவர்கள் எத்தனை என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டிருந்தால், மறைக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

‘நம்ம வரிப்பணத்தில் யாருக்கு வைத்தியம்?’ என்று ஒரு உறுப்பினர் கேட்டுவிடுவாரே, ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டினால் வம்புதானே என்று எங்கள் அலுவலகத்திலும் சொன்னார்கள். கேட்கட்டும். கேட்டால் பதில் இருக்கிறது. புதுச்சேரி கிராமத்துக்காரர்களில் விழுப்புரம் பக்கத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு, கடலூருக்குப் போகிறவர்களும் உண்டு. மாகே, ஏனாம் பக்கம் கதை தலைகீழ். மாகேக்காரர் தலச்சேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போவார், ஏனாம்காரர் காக்கிநாடாவுக்குப் போவார், காரைக்காலிலிருந்து தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் போகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினர்களில் மாகேக்கு ஒருவர், ஏனாமுக்கு ஒருவர், காரைக்காலுக்கு ஐவர். ஒன்றியப் பிரதேசம் முழுவதையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால், அதில் மாகே உறுப்பினருக்குத் தன் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? நான்கு பகுதிகளுக்கும் தனித்தனிப் பத்தி போடக் கூடுதலாக ஒரு பக்கம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம் ஆண்டு. கணக்குப் பிரிவுக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. காசநோய்க்கும் டெங்குவுக்கும் ஜனவரி, டிசம்பர்தான். ஒரே அட்டவணையில் மேல் வரிசை நிதியாண்டு, கீழ் வரிசை நாட்காட்டி ஆண்டு என்று கலந்துகிடக்கும். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டெங்கு அதன் பின்னாலேயே வந்து ஜனவரியிலும் தொடரும். ஆண்டை எங்கே வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே மழைக்காலத்துக் காய்ச்சல் ஓர் ஆண்டில் முழுதாக விழும், அல்லது இரண்டாக உடையும்.

டெங்குவில் மேலும் ஒரு நுணுக்கம். தேசியத் திட்டத்தில் ஆய்வகத்தில் செய்யும் எலிசா என்ற இரத்தப் பரிசோதனையில் உறுதியானதைத்தான் டெங்கு என்று எண்ணுவார்கள். அட்டை மாதிரி இருக்கும் உடனடிப் பரிசோதனையில் வந்தது, டெங்குவாக இருக்கலாம் என்ற வகையில் நிற்கும். தனியார் ஆஸ்பத்திரி எண்ணிக்கையும் துறை எண்ணிக்கையும் ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொரு மழைக்காலமும் பத்திரிகைகளில் சண்டை வருகிறதே, அதற்குப் பாதிக் காரணம் இது. ஆண்டறிக்கையில் அட்டவணையின் கீழே பரிசோதனை வகையைக் குறித்துவிட்டால் அந்தச் சண்டை பேரவைக்குள் வராது.

கொரோனா ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-21இல் ஓ.பி. எண்ணிக்கை சரிந்ததும் அடுத்த ஆண்டுகளில் ஏறியதும் எல்லா ஊரிலும் நடந்ததுதான். 2020-21ஐ அடிப்படையாக வைத்து அதற்கடுத்த ஆண்டை ‘இத்தனை சதவீத வளர்ச்சி’ என்று எழுதுவது ஏமாற்று. 2019-20ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இப்போது காலக்கெடுவுக்கு வருவோம். அறிக்கை தாமதமாவது எழுத்தால் என்று வெளியில் நினைக்கிறார்கள். எழுதுவது சில வாரத்து வேலை. இழுப்பது கணக்கு. மத்திய அரசின் மானியத்தில் நடக்கும் தன்னாட்சி அமைப்புகளுக்கு 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் ஒரு நாட்காட்டி தருகின்றன. ஒப்புதல் பெற்ற கணக்கு ஜூன் 30க்குள் தணிக்கைக்குப் போக வேண்டும், அந்த அமைப்புக்கென்று தணிக்கைத் துறை தரும் தனித் தணிக்கை அறிக்கை அக்டோபர் 31க்குள் வர வேண்டும், எல்லாம் சேர்ந்து டிசம்பர் 31க்குள் அமைச்சகத்தின் கைக்கு வர வேண்டும். மார்ச் 31லிருந்து எண்ணினால் ஒன்பது மாதம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் அதே ஒன்பது மாதத்தைத்தான் விதிக்கிறது. வாரியம் நான்கு மாதத்துக்குள் அரசிடம் கொடுக்க வேண்டும், அரசு ஒன்பது மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது மருத்துவ அறிக்கைக்குச் சமமான அறிக்கை. காற்றில் வாடை வரும்போது போராடுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கிப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்றவை கம்பெனிகள் என்பதால் அவற்றுக்கு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். செப்டம்பருக்குள் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டறிக்கை, பிறகு கூடிய விரைவில் சட்டமன்றம்.

காகிதத்தில் இது எளிது. நடப்பது வேறு. மார்ச் கடைசி வாரத்தில் செலவிட்ட பணத்துக்கு ரசீதுகள் மே மாதம் வரை வந்துகொண்டிருக்கும். எதற்குச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்று வராத முன்பணம் கிடக்கும். வாங்கிய கருவி கிடங்கில் இருக்கும், இருப்புப் பதிவேட்டில் இருக்காது. இதெல்லாம் முடிந்து கணக்குத் தயாரானால், அதற்கு ஒப்புதல் தர ஆட்சிக் குழு கூட வேண்டும். தலைவருக்குத் தேதி கிடைக்காது. எங்கள் கண்காணிப்பாளர் ஒருவர், “சார், தணிக்கைக்காரரைக்கூடப் பிடித்துவிடலாம், மீட்டிங் தேதியைப் பிடிக்க முடியாது” என்பார். ஆட்சிக் குழுவின் தேதியை ஏப்ரலிலேயே ஜூனுக்குக் குறித்து வாங்கிவிடும் அமைப்புகளின் அறிக்கை நேரத்துக்கு வருகிறது. மற்றவை பின்தங்குகின்றன. மற்ற காரணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பேரவை ஆண்டு முழுவதும் கூடுவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மாதம் ஆகிவிடக்கூடாது என்பதுதான் சட்டம். கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் அச்சகத்திலிருந்து வரும் அறிக்கை, அடுத்த கூட்டத்தொடர் வரை பெட்டியில் தூங்கும்.

கெடு தவறினால் நாடாளுமன்றத்தில் தாமதத்துக்குக் காரணம் சொல்லும் ஓர் அறிக்கையும் கூடவே வைக்க வேண்டும். பெரும்பாலும் அதில் ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று இருக்கும். லீவு லெட்டரில் ‘உடல்நலக் குறைவால்’ என்று எழுதுவதுபோல. கணக்குத் தணிக்கைக்குப் போன தேதி, திரும்பிய தேதி, ஆட்சிக் குழு கூடிய தேதி, அச்சுக்குப் போன தேதி, இந்த நான்கையும் வரிசையாகப் போட்டாலே எங்கே நின்றது என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். அதனால்தான் பலர் போடுவதில்லை.

பழைய அறிக்கையைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. ஒரு அமைப்பின் அறிக்கையில் முந்தைய ஆண்டு கண் சிகிச்சை முகாம் அதே தேதியில் மறுபடி நடந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் செய்கிறார்கள்.

உறுப்பினர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. மேசைக்கு வரும் ஏடுகளை அவர்கள் புரட்டுவது குறைவு. புரட்டினால் அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பியது, காலி என்ற மூன்று எண்களையும், செலவாகாமல் திரும்பிய தொகையையும் பாருங்கள் என்பேன். செவிலியர் பணியிடம் காலியாக இருக்கும் பக்கத்தையும் சம்பளத் தலைப்பில் பணம் மிஞ்சிய பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு நல்ல துணைக் கேள்வி தானாகக் கிடைக்கும்.

நேயர்களுக்கும் சொல்கிறேன். அவையில் வைத்த பிறகு அது ரகசிய ஆவணம் இல்லை. அமைப்பின் இணையதளத்தில் இருக்கலாம். இல்லாவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம்.

இந்த வேலையில் இப்போது இருக்கும் தம்பிகள், தங்கைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஏப்ரல் முதல் வாரத்தில் மருத்துவப் பதிவேடுகள் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். உள்நோயாளிகளை ஊர்வாரியாகப் பிரித்துக் கேளுங்கள்: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, பிற. “இதுவரை யாரும் கேட்டதில்லையே” என்பார்கள். முகவரி எல்லாம் சேர்க்கைச் சீட்டிலேயே இருக்கிறது, ஜூனுக்குள் வந்துவிடும்.

வணக்கம்.